புறங்கையால் ஊற்றிய சாறு

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். எங்கள் வீட்டில் பந்தியும் படையும் ஒரே நாளில், ஒரே கூடத்தில் நடக்கும். அதனால் முந்துவதா பிந்துவதா என்று யாருக்கும் பிடிபடாது. உகாதிக்கு மறுநாள் அது, தொடக்கு என்போம். முதல் நாள் வேப்பம்பூவும் வெல்லமும் தின்று, ஒப்பட்டு என்கிற போளி சுட்டு, சாமிக்குப் பயந்து நடந்துகொண்ட அத்தனை பேரும் மறுநாள் விடிந்ததும் கத்தியைத் தீட்டுவார்கள். தொடக்கு நாள் எப்படிப் போகிறதோ அப்படித்தான் வருஷம் முழுக்கப் போகும் என்று ஒரு நம்பிக்கை. எங்கள் வீட்டில் அது ஒரு வருஷமும் பொய்க்கவில்லை. அடியில் தொடங்கும், அடியிலேயே ஓடும்.

இப்போது ஓசூரில் பண்டிகை விருந்து என்றால் ஆள் வைத்துப் பரிமாறுகிறார்கள். கையுறை போட்ட பிள்ளைகள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். யார் இலையில் என்ன விழுந்தது என்று எவரும் பார்ப்பதில்லை. போன மாதம்கூட ஒரு விருந்தில் ஒருவன் எனக்கு இடது கையால் அப்பளம் வைத்தான். என் அப்பா இருந்திருந்தால் அப்பளத்துக்கு முன்னால் அந்தக் கை நொறுங்கியிருக்கும். நான் அதைச் சாப்பிட்டேன். ஆனால் அது எனக்கு விருந்தாகவே படவில்லை.

எங்கள் ஊர் பாகலூர்ப் பக்கம். இன்று தொழிற்சாலைச் சுவர் நிற்கிற இடமெல்லாம் அன்று ராகிக் கொல்லை. நான் சொல்லும் காலம், எந்த ஊர் மைசூர்ப் பக்கம் போகும், எந்த ஊர் மதராஸ் பக்கம் நிற்கும் என்று டீக்கடைக்கு டீக்கடை வாய்ச்சண்டை நடந்துகொண்டிருந்த காலம். எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. கிடாவைத் தெலுங்கில் பேரம் பேசி வாங்குவோம், தமிழில் அறுப்போம், கூறுக்குக் கன்னடத்தில் சண்டை போடுவோம்.

நாலைந்து வீடு சேர்ந்து ஒரு கிடா. வெட்டுவது எப்போதும் அப்பாதான். கிடாவின் தலையில் தண்ணீர் தெளித்து, அது சிலுப்பும் வரைக்கும்தான் பொறுமை. ஒரே வெட்டு. தலையில்லாத உடம்பு காலை உதைத்துக்கொண்டிருக்கும்போதே அண்ணன் வட்டிலை நீட்டி ரத்தத்தைப் பிடிப்பான். பிறகு புங்க மரத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டுத் தோலை உரித்து, வயிற்றைக் கிழித்து, கீற்றைப் பரப்பிக் கறியைக் கூறு போடுவார்கள். ஒரு வருஷம் பக்கத்து வீட்டுக்காரர் தன் கூறில் எலும்பு அதிகம் என்றார். அப்பா அந்த எலும்பையே எடுத்து அவர் மூக்கை உடைத்தார். உடைத்துவிட்டு, பந்தியில் அவரையே முதல் ஆளாக உட்கார வைத்தார். அவரும் மூக்கில் துணியை அடைத்துக்கொண்டு வந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

பரிமாறுவதற்கு எங்களிடம் இருந்த சட்டம் எந்தக் கோர்ட்டிலும் இல்லை. களி உருண்டை வெடிப்பில்லாமல் வழவழவென்று இருக்க வேண்டும். ஈரல் தூரத்திலிருந்து வந்தவருக்கு. தலைக்கறி தாய்மாமனுக்கு. மாப்பிள்ளைக்கு ஈரலும் உண்டு, உறிஞ்ச நல்லியெலும்பும் உண்டு. யாருக்கும் ஒரு கையோடு நிறுத்தக் கூடாது. இரண்டாம் கை விழ வேண்டும், ஒரு சொட்டாவது. கறிச்சாற்றை ஊற்றும்போது அகப்பையை நம் நெஞ்சுப் பக்கமாகச் சாய்த்து ஊற்ற வேண்டும். கையை வெளிப்பக்கம் புரட்டி, புறங்கையால் ஊற்றுவது செத்தவர்களுக்கு மட்டும்தான். அது படையல் இலைக்கு. உயிரோடு இருப்பவன் இலையில் அப்படி ஊற்றினால், உன்னைச் செத்தவர்களோடு சேர்த்துவிட்டேன் என்று அர்த்தம்.

இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அம்மா எதெதற்கு அடி வாங்கினாள் என்று பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவளுக்கு முன்பல் போனது, விருந்தாளி இலையில் வெறும் எலும்பு விழுந்த வருஷம். காது மடல் கிழிந்தது உப்பு வைக்க மறந்த வருஷம். அப்பா பந்திக்கு நடுவிலேயே அடிப்பார். அம்மா சத்தம் போட மாட்டாள். முந்தானையால் வாயை ஒற்றிக்கொண்டு அடுத்த இலைக்குப் போவாள். சாப்பிடுகிறவர்களும் தலையைத் தூக்காமல் சாப்பிடுவார்கள். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று சொல்லி அவளைத் தேற்ற வரும் பெண்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் கை அணைத்ததை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

என்னை அத்திப்பள்ளிக்கு அப்பால், மல்பெரித் தோட்டம் வைத்திருந்த வீட்டில் கொடுத்தார்கள். முரண்டு பிடித்த காளையை மாப்பிள்ளை ஒரே குத்தில் மண்டிபோட வைத்ததை அப்பா சந்தையில் பார்த்தாராம். அதில் அவருக்கு மனசு நிறைந்துவிட்டது. அந்தக் குத்து பிறகு யாருக்கு விழும் என்று யோசிக்க அவருக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் தப்பாகப் பட்டிருக்காது.

என் புருஷனை 'அவர்' என்று எழுத எனக்கு வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மத்தியானம் களி உருண்டை வெடித்துப்போயிருந்தது. தண்ணீர் சற்றுக் குறைந்தால் வெடிக்கும். எல்லார் வீட்டிலும்தான் வெடிக்கும். அவன் உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எழுந்து அடுப்படிக்கு வந்தான். என் வலது கையைப் பிடித்து, அப்போதுதான் இறக்கிவைத்த களிப் பானைக்குள் மணிக்கட்டு வரை அமுக்கிப் பிடித்தான். வெந்நீர் பட்டால் உதறிவிடலாம். களியை உதற முடியாது. ஒட்டிக்கொண்டு வேகவைக்கும். வழித்தெடுத்தபோது தோலும் கூடவே வந்தது. நான் தரையில் புரண்டு கத்திக்கொண்டிருந்தேன். அவன் மீதிக் களியில் தானே ஓர் உருண்டை பிடித்துத் தின்று, கை கழுவி, வெற்றிலை போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போனான்.

கையை வாழையிலையில் சுற்றிக்கொண்டு நடந்தே பிறந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வாசலில் நின்ற அப்பா கேட்ட முதல் கேள்வி, "நீ என்னா தப்பு பண்ண?" என்பது. அம்மா என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். கற்றாழையைக் கீறி வைத்துக் கட்டினாள். கை ஆறும் வரை மூன்று வேளையும் எனக்கு ஊட்டிவிட்டாள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் ஒட்டிக்கொண்டன. மற்ற விரல்கள் மெல்ல மடங்கின. மணிக்கட்டும் திரும்ப ஆரம்பித்தது.

உகாதி நெருங்கியது. கோபித்துக்கொண்டு வந்த பெண்ணை, புருஷன் தொடக்குப் பந்திக்கு வந்து அழைத்துப்போவது எங்கள் பக்கத்து வழக்கம். முதல் கையை மாமியார் பரிமாறுவாள். இரண்டாம் கையை அந்தப் பெண் வந்து ஊற்ற வேண்டும். ஊற்றிவிட்டால் சமாதானம், அதற்கு மேல் பேச்சில்லை, சாயங்காலம் வண்டி கட்டிவிடுவார்கள். அப்பா அவனுக்கு ஆள் அனுப்பினார். என்னிடம் உகாதியன்று சொன்னார்.

"நாளைக்கு ரெண்டாங் கை நீதான் ஊத்தற. ஊத்திட்டு வண்டி ஏறற. வாழாவெட்டிய ஊட்ல வெச்சுக்கினு என்னால தெருவுல நடக்க முடியாது. மாட்டன்னு மட்டும் சொன்ன, கெடாவுக்கு அடுத்தது நீதான்."

அப்பா பேச்சுக்குச் சொல்லும் ஆள் இல்லை. நான் சரி என்றேன். எனக்குச் சாகப் பயமாக இருந்தது. அந்த வீட்டுக்குத் திரும்பிப் போவதை நினைத்தால் அதைவிடப் பயமாக இருந்தது. ஆனால் அத்திப்பள்ளி நாளைக்குத்தான். அப்பா இன்றைக்கே எதிரில் நிற்கிறார். பக்கத்தில் நிற்கிற பயம்தான் ஜெயிக்கும். நான் வீராங்கனை இல்லை என்று தெரியட்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஒழுங்காக ஊற்றிவிட்டு வண்டி ஏறுவதாகத்தான் இருந்தேன்.

மறுநாள் உச்சிப்பொழுதுக்கு அவன் வந்தான். தோளில் புதுத் துண்டு, கையில் எனக்குக் கண்ணாடி வளையல். அவன் வேகவைத்த கையில் அது ஏறாது என்று அவனுக்குத் தெரியாதா என்ன. கூடத்தில் இலை போட்டார்கள். அவன் நடுவில். ஒரு பக்கம் அண்ணன், மறுபக்கம் கோணல் மூக்கோடு பக்கத்து வீட்டுக்காரர், அப்புறம் கூறு வாங்கிய மற்ற வீட்டு ஆண்கள். அப்பா உட்காரவில்லை. வீட்டுக்காரர் கடைசியில்தான் சாப்பிட வேண்டும் என்பதால் அவருடைய பலகை மட்டும் சுவரோரம் காத்திருந்தது.

அம்மா முதல் கை பரிமாறினாள். களி, ஈரல், நல்லி, சாறு. அவன் நல்லியைப் பலகையில் தட்டித் தட்டி உறிஞ்சினான்.

"மாப்ளைக்கு இன்னொரு ஈரல் வெய்மே" என்றார் அப்பா. அம்மா வைத்தாள். "எங்க அவ? வரச் சொல்லு."

சாற்றுச் சட்டியை இடது கையில் அணைத்துக்கொண்டு, வலது கையில் அகப்பையோடு வந்தேன். சட்டி சுட்டது. பந்தி முழுக்க மெல்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. சட்டியைத் தரையில் இறக்கி, அகப்பையில் சாற்றை மொண்டு அவன் இலைக்கு நேராகக் குனிந்தேன். அவன் என் கையைப் பார்த்தான். வெந்து சுருங்கிய தோலை, கன்றுக்குட்டிக்குச் சூடு போட்டவன் தழும்பைப் பார்ப்பதுபோல, சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தான். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி சிரித்துக்கொண்டே சொன்னான்.

"ஆறிப்போச்சே. பரவால்ல, இன்னொரு கை இருக்குதில்ல."

அந்த நொடியில் எனக்குப் பயம் விட்டுப்போனது. கோபம்கூட அப்புறம்தான் வந்தது. இவன் எனக்குச் செத்துவிட்டான் என்று, அடுப்பு அணைந்துவிட்டது என்று சொல்வது மாதிரி, சாதாரணமாகத் தோன்றியது. கையை வெளிப்பக்கம் புரட்டி, புறங்கையால் சாற்றை அவன் இலையில் ஊற்றினேன்.

கோணல் மூக்குக்காரர் கையிலிருந்த களி இலையில் விழுந்தது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். அப்பாதான் முதலில் பேசினார், அதுவும் கெஞ்சினார். அவர் கெஞ்சி நான் அன்றுதான் கேட்டேன்.

"வெந்த கை மாப்ள. திரும்ப மாட்டங்குது. தப்பா எடுத்துக்காதீங்க." என் பக்கம் திரும்பினார். "சொல்லுடி. கை வரலன்னு சொல்லு."

வெள்ளத்தில் போகிறவளுக்குக் கட்டை போட்ட மாதிரிதான் அது. பிடித்துக்கொண்டிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். சாயங்காலம் வண்டி கட்டியிருப்பார்கள். எல்லாரும் நான் அப்படிச் சொல்வதற்காகக் காத்திருந்தார்கள்.

"கை நல்லாத்தான் திரும்புது" என்றேன். அகப்பையில் இன்னொரு தரம் மொண்டேன். எல்லாரும் பார்க்கும்படி நெஞ்சுப் பக்கமாகச் சாய்த்துச் சட்டியிலேயே ஊற்றிக் காட்டினேன். மறுபடி மொண்டு, புறங்கையால் அவன் இலையில் ஊற்றினேன். ஒரு கையோடு நிறுத்தக் கூடாது அல்லவா, அவனுக்கும் இரண்டாம் கை விழுந்தது.

அவன் இலையை மிதித்துக்கொண்டு எழுந்தான். சட்டியை உதைத்தான், சாறு பாதி என் கால்களில் கொட்டியது, பாதியோடு சட்டி ஓரமாக உருண்டு நின்றது. என் கொண்டையைப் பிடித்துத் தூணில் மோதினான். ஒரு தரம், இன்னொரு தரம். நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. எதிரில் கிடந்த பித்தளைச் சொம்பை எடுத்து அவன் முகத்தில் அடித்தேன். பல் உடைந்ததா உதடு கிழிந்ததா தெரியாது, அவன் வாயிலிருந்து ரத்தம் வந்தது. பார்க்க எனக்கு நன்றாக இருந்தது. அதற்குள் அண்ணன் அவன்மேல் விழுந்துவிட்டான். இரண்டு பேரும் இலைகளின் மேல் கட்டிப் புரண்டார்கள். களியும் ஈரலும் அவர்கள் முதுகில் அப்பிக்கொண்டன. விலக்கப்போன கோணல் மூக்குக்காரருக்கு மறுபடியும் மூக்கிலேயே அடி.

அப்பா களி கிண்டும் துடுப்பை எடுத்துக்கொண்டு வந்தார். கை பருமனுக்குக் கட்டை அது. அவனை அடிக்க வருகிறார் என்று ஒரு கணம் நம்பினேன். இன்றைக்கும் அந்த ஒரு கணத்தை நினைத்தால்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. துடுப்பு என் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் நல்லியைத் தட்டுகிற சத்தம் போலவே கேட்டது. நான் விழுந்தேன். அப்பா இரண்டாவது அடிக்கு ஓங்கினார்.

அப்போது அம்மா அவர் பலகைக்கு முன்னால் ஓர் இலையைப் போட்டாள்.

"நீங்க இன்னும் சாப்டல" என்றாள்.

அடிதடி நடக்கிற இடத்தில் அவள் ஓர் அவசரமும் இல்லாமல் தண்ணீர் தெளித்தாள். வெடிப்பில்லாத ஓர் உருண்டையைப் பார்த்து எடுத்து வைத்தாள். உருண்டுபோன சட்டியை நிமிர்த்தி, மீதிச் சாற்றை மொண்டாள். அப்பா துடுப்பை ஓங்கியபடியே அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாவின் கை வெளிப்பக்கமாகப் புரண்டது. அப்பாவின் இலையில் புறங்கையால் ஊற்றினாள்.

"என்னாமே பண்ற?" அப்பாவின் குரல் கூரையில் இடித்தது. என்னை விட்டு அவளிடம் போனார். துடுப்பு அவள் தலைக்கு நேராக நின்றது.

அம்மா நகரவில்லை. இரண்டாம் கையும் ஊற்றி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"அடிங்க. செத்தவங்க அடிச்சா வலிக்காது."

புரண்டுகொண்டிருந்த இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். அப்பா அவளைப் பார்த்தார், இலையைப் பார்த்தார். அடித்தால் அம்மா எப்போதும்போலச் சத்தம் போட மாட்டாள், தான் செத்தவன் என்பது உறுதியாகிவிடும்; அடிக்காமல் விட்டாலும் அதை ஒப்புக்கொண்ட மாதிரிதான். அந்தக் குழப்பத்தில் அவர் முகம் சின்னப் பிள்ளையின் முகம்போல ஆனது. துடுப்பு கீழே விழுந்தது. வெளியே போய்ப் புங்க மரத்தடியில், தொங்கிய ஆட்டுத்தோலுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டார்.

காளையை மண்டிபோட வைத்த என் புருஷன் என்ன செய்தான் தெரியுமா? நேராகக் கிணற்றடிக்குப் போய், சாவு வீட்டுக்குப் போய்வந்தவன்போலத் தலையில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டான். ஈரம் சொட்டச் சொட்ட வண்டி ஏறினான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வளையலைக் கூடத்திலேயே விட்டுப் போயிருந்தான்; அம்மா அதைக் கூட்டிக் குப்பையில் போட்டாள். அவன் எங்கள் வாசல்படியை அதற்குப் பிறகு மிதிக்கவில்லை, நானும் அத்திப்பள்ளி தாண்டவில்லை.

பொழுது சாய்ந்ததும் அப்பா பசியோடு உள்ளே வந்தார். அம்மா களி வைத்தாள். புறங்கையால் ஊற்றினாள். அவர் எழுந்து போய்விட்டார். மறுநாளும் அப்படியே ஊற்றினாள். தட்டை வீசினார், சட்டியை உடைத்தார். அம்மா புதுச் சட்டி வாங்கினாள். வயிறு எத்தனை நாள் வீம்பு பிடிக்கும்? கடைசியில், அவள் ஊற்றும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்ளப் பழகிவிட்டார். ஊற்றி முடித்ததும் திரும்பிச் சாப்பிடுவார். கை ஓங்குவதை மட்டும் விடவில்லை. ஓங்குவார், அம்மா அகப்பையை ஒரு பார்வை பார்ப்பாள், கை இறங்கிவிடும். கோணல் மூக்குக்காரர் மட்டும் ஒரு நாள் என்னிடம், "உங்கம்மாளுக்கு இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா என் மூக்கு தப்பிச்சிருக்கும்" என்றார்.

அப்படியே வருஷங்கள் ஓடி, ஒரு மழைக்காலத்தில் அப்பா நிஜமாகவே செத்தார். காரியத்தன்று படையல் இலை போட்டு, களி வைத்து, அவருக்குப் பிடித்த ஈரலை வைத்தார்கள். ஒரு உறவுக்காரப் பெண் அகப்பையை அம்மாவிடம் நீட்டி, "புறங்கையால ஊத்துக்கா" என்று சொல்லிக்கொடுத்தாள்.

அம்மா அகப்பையை வாங்கவில்லை. "அவருக்கு ஊத்த வேண்டியதெல்லாம் எப்பவோ ஊத்திட்டன்" என்றாள்.

யார் தடுப்பதற்கும் முன்னால், படையலுக்குப் பக்கத்திலேயே தனக்கு ஓர் இலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த வீட்டில் எல்லாரும் தின்று முடித்த பிறகு சட்டியை வழித்துத் தின்றவள் அவள். அவளுக்கென்று இலை போட்டு நான் பார்த்ததே இல்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"பசிக்குதுடி. எனக்கு ஊத்து."

அகப்பையை நெஞ்சுப் பக்கமாகச் சாய்த்து ஊற்றினேன். இரண்டு கை.